தொட்டி ஆலும் சாலைப் புளியும்

ஆலமரத்தைத் தொட்டியில் வைத்து, கம்பி சுற்றி, கிளைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து, ஜப்பான் மலைச்சரிவில் நிற்கும் பைன் மரத்தின் சாயலுக்குக் கொண்டுவந்துவிட முடியும். கை பழகியவர்களுக்குச் சில வருடங்கள் போதும். அப்படி ஆக்கிய மரத்தைப் பார்த்தால் முதலில் வியப்புதான் வருகிறது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் வேறொன்று உறுத்த ஆரம்பிக்கிறது. பைனின் கிளை தாழ்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வருடா வருடம் அதன்மேல் பனி குவிகிறது. பாரம் தாங்கித் தாங்கிக் கிளை இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் ஜப்பானியர்கள் அதை மரத்தின் முதுமை என்று புரிந்துகொண்டார்கள். கெடிலக் கரையில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் நெல்லிக்குப்பத்தில் பனிப்பாரம் ஏது? செம்மண் மேட்டில் நிற்கும் நெய்வேலியில் ஏது? கடலூர் மாவட்டத்தில் ஒரு கிளைமேல் விழும் பாரமென்றால் காய்ப் பாரம், கொடிகளின் பாரம், சில வருடங்களில் புயல். இங்கே ஒரு மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி ஆல் எதற்காகக் குனிந்து நிற்கிறது என்ற கேள்வி சிறியதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து போனால் போன்சாய் என்ற இந்தக் கலைக்கு நம் மண்ணில் என்ன இடம் என்பதுவரை போக வேண்டியிருக்கிறது.

போன்சாயில் உயரம் குறைப்பது சின்ன வேலை. பெரிய வேலை, வயதைத் தெரியவைப்பது. தட்டையான தொட்டி, ஒரு முழ உயரம், அதில் நூறு வருடம் வாழ்ந்த களை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வதாகச் சொல்லப்படும் மரம். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் தோட்டச் சுவரின் மறைவில் நின்று தப்பியது. 1976-ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. குண்டுக்குத் தப்பிய மரம் என்ற விவரம் அங்குள்ளவர்களுக்குத் தெரியவந்ததே 2001-ல், அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான். குளிர்நாட்டு மரத்துக்கு வருடத்தில் ஓர் உறக்கம் உண்டு. வளர்ச்சி நிற்கிறது, வசந்தத்தில் மீண்டும் தொடங்குகிறது. அந்த நிதானத்தில்தான் பட்டை வெடிக்கிறது, அடிமரம் திரள்கிறது, வயது ஏறுகிறது. நம் ஆலுக்கும் இச்சிக்கும் அப்படி ஓர் உறக்கம் கிடையாது. வெயிலும் ஈரமும் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே போன்சாய் செய்பவரின் சிக்கல் தலைகீழானது. ஜப்பானியர் மெதுவாக வரும் ஒன்றுக்காகக் காத்திருக்கிறார். நம்மவர் நிற்காமல் வருவதை ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கிறார். காத்திருப்பதற்கென்று எழுதப்பட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு வெட்டுபவர் என்ன செய்ய முடியும்? வசந்தத்தில் தொட்டி மாற்று என்கிறது புத்தகம். சித்திரையையா அது சொல்கிறது, தையையா?

இந்த வேறுபாடு மரத்துக்குப் பக்கத்தில் போனால் உடனே தெரியும். இச்சியின் ஒரு கிளையை வெட்டினால் அடுத்த கணம் வெள்ளைப் பால் பொங்குகிறது. துளித் துளியாக வழிந்து, விரலில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்தபின் கறுக்கிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்தால்தான் வெட்டுவாய் கண்ணுக்குத் தெரியும். அதன் விளிம்பைச் சுற்றிச் சில வாரங்களில் புதுப்பட்டை உதடுபோல உருண்டு வருகிறது. நன்றாக வளரும் மரமென்றால் கட்டைவிரல் பருமன் காயம்கூடக் காலப்போக்கில் மூடிக்கொள்ளும். கம்பியும் அப்படித்தான். குளிர்நாட்டில் ஒரு பைன் கிளையில் சுற்றிய கம்பி வருடக்கணக்கில் இருக்கலாம். இங்கே மழைக்காலத்தில் இச்சியில் சுற்றிய அலுமினியக் கம்பியைச் சில வாரங்கள் மறந்துவிட்டால் கிளை பருத்துப் பட்டைக்குள் கம்பியை விழுங்கிவிடும். பிறகு அறுத்து எடுத்தாலும் திருகுசுருளாய் ஒரு தழும்பு நிற்கும், பல வருடங்களுக்கு. மண்ணும் வேறு. ஜப்பானிய அகடாமா என்ற சுட்ட மண்போன்ற களிமண் உருண்டைக்குச் செலவழிப்பவர்கள் உண்டு. செங்கல் ஜல்லியும் சலித்த ஆற்றுமணலும் மக்கிய எருவும் நம் மழைக்குத் தாராளமாகப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியில் நீர் நின்றால் வேர் அழுகும். கத்திரியில் தட்டைத் தொட்டியின் விளிம்பு கை வைக்க முடியாதபடி சுடும். உள்ளே வேரும் வெந்துவிடும். அந்த நாட்களில் இருவேளைத் தண்ணீரும் மேலே நிழல்வலையும் இல்லாமல் முடியாது. ஒரு நாள் கவனம் தவறினால் பத்து வருட வேலை போய்விடும்.

மரத்தை வதைப்பதுதானே இது என்ற ஆட்சேபம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்குத் தனிக் கனம் இருக்கிறது. நெய்வேலிக்கு அடுத்தாற்போல் வடலூர். 1867-ல் தருமச்சாலையையும் 1872-ல் ஞானசபையையும் அங்கே அமைத்த வள்ளலார் பசித்த மனிதரின் துயரோடு நிற்காமல் பயிரின் வாட்டத்தையும் தன் துயராகக் கொண்டவர். அவருடைய அணையா அடுப்பு எரியும் ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செடிக்கு வலி தெரியாது என்று ஒரு வரியில் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. வலி என்ற சொல்லை விட்டுவிட்டு மரத்தின் நிலையைப் பார்க்கலாம். தொட்டி மரத்தைப் பட்டினி போடுகிறார்கள் என்பது பரவலான எண்ணம், அது தவறு. பட்டினி கிடந்த மரம் தடிக்காது, சிறுகிளை விடாது, இலை வெளுத்துப் பட்டுப்போகும். நல்ல போன்சாய்க்கு வயல் ஓரத்து மரத்துக்குக் கிடைப்பதைவிட ஒழுங்காக நீரும் பிண்ணாக்கு உரமும் கிடைக்கின்றன. வேரை வெட்டுவது புதுவேர் வருவதற்கு. அது வராவிட்டால் கிழமரமும் துளிர்க்காது. காட்டோரத்தில் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன களாவும் பிராயும் நெருங்கிய சிறு இலைகளோடு வருடக்கணக்கில் வாழ்வதை யாரும் பார்க்கலாம். வெட்டுவது மட்டும் வதையென்றால் அந்த ஆட்டைத்தான் முதலில் குற்றம் சொல்ல வேண்டும். வதை நடக்கும் இடம் வேறு. குளிர்சாதன அறையில் மேசைமேல் வெயில் படாமல் வைப்பது வதை. விருந்தாளிக்குக் காட்டியபின் ஒரு வாரம் தண்ணீர் மறப்பது வதை. பரிசாக வாங்கிக் கொடுத்து, எப்படி வளர்ப்பதென்று சொல்லாமல் விடுவது வதை. அடிப்படையில் எந்த மரமும் வெளிவெயிலில் இருக்க வேண்டியது; போன்சாயும் மரம்தான்.

நகரத்துச் சாலையோர மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஆட்சேபம் இன்னும் சிக்கலாகிறது. கழுத்துவரை சிமெண்ட் பூசி, அடியில் கேபிளுக்கும் சாக்கடைக்கும் வேரை வெட்டி, மேலே மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்து நிறுத்திய வேம்பும் வாகையும் உண்மையில் தொட்டி மரங்கள்தாம். வேரைக் கவனித்துத் தொட்டி மாற்றும் ஒருவர் இல்லாத தொட்டி மரங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்தவற்றுள் இப்படிப் பிடிமானம் இழந்தவை ஏராளம். இதைச் சொல்வது போன்சாயை நியாயப்படுத்த அல்ல. அங்கே ஒரு தவறு நடப்பதால் இங்கே நடப்பது சரியாகிவிடாது. நான் சொல்ல வருவது, மரம் நின்றால் போதும் என்ற எண்ணத்துக்கும் மரத்துக்கு என்ன வேண்டும் என்று பார்க்கும் பழக்கத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது என்பதை. ஒழுங்காகப் போன்சாய் வளர்ப்பவர் இரண்டாவதைக் கற்றுக்கொள்கிறார். ஓர் இலை வெளுப்பது அவருக்குத் தெரியும். வேர் எங்கே மூச்சுத் திணறுகிறது என்று தெரியும். அந்தக் கண் தொட்டியோடு நின்றுவிடுகிறதா, தெருவுக்கும் போகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் அந்தக் கண் இருக்க வேண்டும். காட்டில் இயற்கையாகவே முறுகிக் குறுகிய பழைய மரத்தைப் பெயர்த்துவந்து தொட்டியில் வைப்பது இந்தக் கலையில் மதிப்புள்ள வழக்கம். ஐம்பது வருட வேலையைக் காடே செய்து கொடுத்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் கடற்கரையில் பந்திகே என்ற பாறைப் புதர்மரத்தை இதற்காகவே தோண்டித் தோண்டி, அந்நாட்டு அரசு தடை போடும் நிலை வந்தது. சோழமண்டலக் கரையில் உலர் பசுமைமாறாக் காடு என்று மிச்சமிருப்பது ஐயனார் கோயில்களைச் சுற்றியுள்ள துண்டு துண்டான தோப்புகளும் சில காப்புக்காடுகளும்தான். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அப்படிப்பட்ட ஒன்று. வீரை, காயா, காட்டெலுமிச்சை எல்லாம் இந்தக் காட்டின் மரங்கள். இலை சிறிது, பட்டை கனம், வளர்ச்சி மெதுவு. போன்சாய்க்காரர் கேட்கும் குணங்கள் அனைத்தும் அவற்றில் இருக்கின்றன. அதனாலேயே அவற்றைத் தோண்டக் கூடாது. விதை எடுக்கலாம், ஆரோவில் பக்கம் இந்தக் காட்டை மீட்க உழைப்பவர்களின் நாற்றங்கால்களில் கன்று கேட்கலாம். வயதேறிய அடிமரம்தான் வேண்டுமென்பவருக்கு வேறொரு இடம் சொல்கிறேன். பழைய குவார்ட்டர்ஸ்களின் சன்ஷேடிலும் மேல்நிலைத் தொட்டியின் வெடிப்பிலும் பறவை எச்சத்தில் முளைத்த ஆலும் அரசும் இச்சியும் எத்தனை! சுவரைப் பிளக்குமென்று எப்படியும் பிடுங்கி எறியப்படும் செடிகள் அவை. ஒரு பிடி மண்கூட இல்லாமல் சுண்ணாம்புக் காரையை உறிஞ்சி, விரிசலின் அகலத்துக்குத் தட்டையாகி, வெளியே வந்ததும் முண்டாகத் திரண்ட வேர் அவற்றுக்கு உண்டு. எந்தச் சிற்பியாலும் அந்த வேரைச் செய்ய முடியாது. நர்சரிகளில் விற்கும் ‘ஜின்செங்’ போன்சாய் சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. கிழங்காய் ஊதிய அந்த மரம் நம் சுவரில் முளைக்கும் அதே இச்சி இனம்.

வடிவத்துக்குத் திரும்புகிறேன். ஒரு கலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகலாம். ஜப்பானுக்கே அது சீனத்திலிருந்து போனதுதான். நம் சங்கீதத்துக்கு வயலின் வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கைக்கு வந்த அந்த வாத்தியத்தை நம்மவர்கள் நின்று வாசிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி, சுருதியை மாற்றிக் கட்டி, விரலை வழுக்கவிட்டுக் கமகத்தை வாங்கினார்கள். கருவி வந்தது, பாட்டு நம்முடையதாக இருந்தது. போன்சாயில் இன்னும் அந்த அளவுக்கு நடக்கவில்லை. மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் போன்சாய் தோட்டத்திலும் பெங்களூரு லால்பாக்கிலும் இந்திய மரங்கள் தொட்டியில் நிற்கின்றன. மரத்தைப் பொறுத்தவரை சுதேசி வந்துவிட்டது. பார்வை வர வேண்டும். ஜப்பானிய இலக்கணம் அடிமரத்தை மையமாக வைக்கிறது. அடியில் பருத்து, மேலே போகப்போக ஒடுங்கி, உச்சியில் ஒரு கொழுந்தோடு முடியும் ஒற்றைத் தண்டு. இந்த இலக்கணத்தோடு அடையாறு ஆலமரத்தின் கீழே போய் நின்றால் ஒன்றும் புரியாது. சுமார் நானூற்றைம்பது வருட மரம் என்று சொல்லப்படும் அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. கொல்கத்தாவுக்கு அக்கரையில் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலின் தாய்மரத்தைக் காளான் நோயால் 1925-ல் அகற்றினார்கள். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன, விழுதுகளின்மேல். ஆலின் முதுமை உச்சிக்குப் போவதில்லை, பக்கவாட்டில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் எது தாய், எது விழுது என்ற வித்தியாசமே போய்விடுகிறது. நடுவே வெறுமையாக, சுற்றிலும் தூண்களாக நிற்கும் ஓர் ஆலைத் தொட்டியில் கொண்டுவர யாராவது முயன்றால், ஜப்பானியக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் அது ஆலைப் பார்த்தவர் செய்த ஆலாக இருக்கும்.

ஆலைத் தொட்டியில் அப்படிக் கொண்டுவருவது கடினம் என்பதும் உண்மை. விழுதுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். இலையோ உள்ளங்கை அகலம், என்ன உரித்தாலும் ஓர் அளவுக்குமேல் சிறுக்காது. புளிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் இலை பிறவியிலேயே சின்னது. தொட்டியில் ஒரு முழம் நின்றாலும் மரத்தின் அளவும் இலையின் அளவும் ஒத்துப்போகின்றன. சாலைப் புளியின் முகம் எல்லாருக்கும் தெரியும். கருப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நெடுஞ்சாலைத் துறை எண் எழுதி, வருடாவருடம் காய் ஏலத்துக்குப் போகும் மரம். சாலைப் பக்கம் பஸ் கூரை உரசி உரசிக் கிளை மொட்டையாக இருக்கும், வயல் பக்கம் அடர்ந்து இறங்கும். அடிமரத்தில் மேடும் பள்ளமும், பொந்தும், பொந்தில் மைனாவும். இந்த முகத்தை எந்த ஜப்பானிய ஆல்பத்திலும் பார்க்க முடியாது. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் சாலையை நான்குவழியாக்கும் வேலையில் இப்படிப்பட்ட மரங்கள் வெட்டுப்பட்டுப் போயின. இனி அந்தப் பக்கம் பிறக்கும் பிள்ளைக்குப் புளியமரம் என்றால் எதைக் காட்டுவது? மாடியில் இருக்கும் தொட்டியையா? தொட்டிப் புளிக்கு வடிவம் கொடுத்தது சாலைப் புளி. மூலம் போனபின் நகலை வைத்து நகல் எடுக்கத்தான் முடியும். பனிக்குக் குனிந்த பைனின் சாயலில் ஆல் வளர்வது இப்படித்தான் தொடங்குகிறது.

நெய்வேலியில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த பழுப்புப் பொருள்தான் இந்த ஊரின் தொடக்கம். 1956-ல் அதைத் தோண்டும் நிறுவனம், 1957-ல் சுரங்கம். அந்தப் பழுப்பு நிலக்கரியே மண்ணுக்குள் போன பழைய காடு. அதை எடுக்கச் சுரங்கம் நகரும் திசையில் இருந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. சாமியைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போகலாம். பலாவையும் புளியையும் யாரால் கொண்டுபோக முடிந்தது? நகரியத்தின் பிளாக்குகளில் வீட்டைச் சுற்றி மரம் வைத்து வளர்த்த ஊழியர்களுக்கும், ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்யும் நாளில் அதே நிலைதான். மண்ணில் நட்டது மண்ணிலேயே நிற்கும். தொட்டியில் நட்டது லாரியில் ஏறும். ஆகவே சொந்த மண் நிலையில்லாத ஊரில் போன்சாய்மேல் பிரியம் வருவது மிக இயல்பு, அதில் எனக்கு மரியாதையும் உண்டு. என் பயம் அந்தப் பிரியம் தரும் ஆறுதலைப் பற்றியது. எடுத்துப்போகக்கூடிய மரம் ஒன்று கையில் இருந்தால், எடுத்துப்போக முடியாத மரத்தின் இழப்பு கொஞ்சம் லேசாகிவிடுகிறது. இழப்பை லேசாக்கும் எதையும் நான் இந்த வட்டாரத்தில் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் ஒரே இரவில் சாய்த்தது. வெறும் பயிர்க் கணக்காக அதைப் பார்த்தவர்கள் ஒரு தலைமுறையின் நிழல் போனதைக் கவனிக்கவில்லை. முப்பது வருடப் பலாவுக்கு ஈடாகத் தொட்டியில் வைக்க ஒன்றும் கிடையாது.

ஒரு பொழுதுபோக்கின் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றலாமா என்று கேட்பார்கள். மாலையில் செடிக்கு நீர் ஊற்றி நிம்மதி தேடும் ஓய்வூதியரிடம் சாலை விரிவாக்கத்துக்கும் சுரங்கத்துக்கும் கணக்குக் கேட்பது நியாயமில்லைதான். அவர் எதையும் வெட்டவில்லை. ஆனாலும் எந்த மரம் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒன்றுக்குப் பதில் பத்துக் கன்று வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பும் சமூகத்தில், நூறு வருட அடிமரம் எதனால் ஆனது என்று கையால் அறிந்தவர் அவர். ஒரு விரல் பருமனுக்கு எத்தனை மழை, எத்தனை வெட்டு, எத்தனை தவறு என்று அவருக்குத் தெரியும். கன்றும் மரமும் ஒன்றல்ல என்று ஊராட்சிக் கூட்டத்தில் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? மாடியில் இருக்கும் கலை மாடியோடு நின்றால் அது அலங்காரம்தான். அது அவரைச் சாலைக்கு இறக்கி, எண் எழுதிய புளியின் கீழே நிறுத்தி, இந்த மரம் ஏன் போக வேண்டும் என்று கேட்கவைத்தால் இந்த மண்ணில் போன்சாய்க்கு இடம் உண்டு என்று நான் ஒப்புக்கொள்வேன்.

ஆகவே தொட்டி மரம் வைத்திருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். காட்டில் தோண்டிய மரத்தை வாங்காதீர்கள். எங்கிருந்து வந்ததென்று கேட்டுப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பியை எடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் அதே இனத்தின் வயதான மரம் எங்கே நிற்கிறதென்று தேடுங்கள்; வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, இலையுதிர்ந்த சமயம் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தக் கிளை எதற்காக வளைந்தது என்று அங்கேயே புரியும். அந்த மரத்தில் வெட்டுவதற்கான அடையாளம் போட்டிருந்தால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.